இரண்டாவது விக்கெட் விழும்வரை

இன்னொரு விக்கெட் விழுந்தால் நான் இறங்கவேண்டும். இது தெரிகிறது, இதில் குழப்பமில்லை. என் பெயர் நிருத்திகா, இத்தாலிப் பெண்கள் அணியின் விக்கெட் காப்பாளர், நான்காவதாகத் துடுப்பெடுத்து ஆடுகிறவள், இது இருபது ஓவர் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், எதிரே நெதர்லாந்து, இன்றைக்கு வெல்கிறவர்கள் உலகக் கோப்பைக்குப் போவார்கள், தோற்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். பார், எல்லாம் ஒழுங்காக வருகிறதே. ஊர் கூட வருகிறது, ஸ்பெயினின் தெற்குக் கரை, மழையே பெய்யாத காய்ந்த மலைகள், நடுவில் மைதானம் மட்டும் ஆரோ பச்சைத் துணி விரித்த மாதிரி. பிறகு ஏன் அந்த ஓட்டப் பலகையைப் பார்த்தால் மட்டும் எல்லாம் கலைந்துபோகிறது? மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. மேலே இருப்பது நூற்றுப் பதினெட்டு, அது அவர்கள் எடுத்தது. கீழே இருப்பது நாங்கள். அல்லது கீழே இருப்பது அவர்கள், நாங்கள் இன்னும் ஆடவே தொடங்கவில்லை. இல்லை, நான் கால்காப்பு கட்டியிருக்கிறேன், ஹெல்மெட் மடியில் இருக்கிறது, அப்படியென்றால் ஆடிக்கொண்டிருப்பது நாங்கள்தான். நான் இதைக் கண்டுபிடிக்க என் காலைக் குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வெயில் வெள்ளையாக இருக்கிறது. காலையில் மஞ்சளாகத்தான் இருந்தது. கூடாரத்தின் நிழலுக்குள் இருந்தும் கண்ணை முழுதாகத் திறக்கமுடியவில்லை, திறந்தால் இடது காதுக்கு மேலே ஏதோ ஒன்று உள்ளிருந்து தட்டுகிறது, அவசரமில்லாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளி கதவைத் தட்டுவது போல. அவர்களுடைய ஆட்டம் எப்படி முடிந்தது? பத்தொன்பதாவது ஓவர் வரைக்கும் எனக்கு எல்லாம் ஞாபகம். அதற்குப் பிறகு இடைவேளையில் இந்த நாற்காலியில் இருந்தது ஞாபகம். நடுவில், சேலையில் நெருப்புப் பொறி விழுந்த இடம்போல ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் துணி நன்றாகத்தான் இருக்கிறது. இழுத்துப் பார்த்தால்தான் பெரிதாகிறது.

ஓட்டைக்குள் நடந்ததை மற்றவர்கள் சொன்னார்கள், சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அவர்களுடைய துடுப்பாட்டக்காரி ஒருத்தி பந்தை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடினாளாம். கோட்டில் நின்ற எங்கள் நெத்மி பந்தைப் பொறுக்கி எறிந்தாளாம். நான் பின்னால் தள்ளி நின்றதால் தலையில் ஹெல்மெட் இல்லை, தொப்பிதான். விக்கெட்டை நோக்கி ஓடிவந்தேனாம். பந்து எனக்கு முன்னால் தரையில் குத்தி, ஏதோ கல்லில் பட்டது போலத் துள்ளி, என் தலையில் பட்டு, அங்கிருந்து நேரே போய் விக்கெட்டில் பட்டதாம். ரன் அவுட். நடுவர் விரலை உயர்த்த, எங்கள் பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, எனக்கு அடிபட்டது தெரியாமல் அடிபட்ட இடத்திலேயே முத்தம் கொடுத்தார்களாம். பயிற்சியாளர் மார்ச்செல்லோகூட இடைவேளையில், "உலகத்திலேயே தலையால் ரன் அவுட் செய்த ஒரே காப்பாளர் நீதான்," என்று என் தோளைக் குலுக்கினார். நானும் சிரித்தேன். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் அந்தப் பெண், ஓடிவந்தவள், பந்தைத் தலையில் வாங்கியவள், அவளை நான் இன்னும் சந்திக்கவில்லை. டாக்டர் பியேரா மைதானத்துக்குள் ஓடிவந்து கேள்வி கேட்டாராம், விரலை அசைத்துக் காட்டினாராம், நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேனாம். "பரவாயில்லை, ஆனால் மறுபடியும் பார்ப்பேன். தலைவலி, வாந்தி, கண் மங்கல், எது வந்தாலும் உடனே சொல்லவேண்டும், கேட்டாயா நிரு?" கேட்டேன். தலைவலி வந்தது. கண் மங்கியது. வாந்தி கூட வந்தது, இடைவேளையில், கழிப்பறையில், தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே கேட்காமல் எடுத்தேன். கதவைத் திறந்தபோது நெத்மி வெளியே நின்றாள், கையில் தண்ணீர்ப் போத்தல். போத்தலை நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

நெத்மி இப்போது எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருக்கிறாள். ஆட்டத்தைப் பார்க்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா? கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள், தெரியவில்லை. அவளும் விக்கெட் காப்பாளர்தான். இந்தச் சுற்று முழுக்க ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று மாறி மாறி ஆடினோம், இன்றைக்குக் காலையில் மார்ச்செல்லோ அணியைச் சொல்லும்போது என் பெயரைச் சொன்னார். நெத்மியின் அம்மா வெரோனாவிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்க்க விமானத்தில் வந்திருக்கிறார். அதோ, புல்மேட்டில், பூப்போட்ட குடைக்குக் கீழே. மகள் வெளியே இருப்பதைப் பார்ப்பதற்காகவா அவ்வளவு தூரம் வந்தார்? பெயர் வாசித்தபோது நெத்மி என் கையைப் பிடித்து, "நன்றாக ஆடு," என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். பிறகு கடைசி ஓவர்களில் ஒருத்திக்குத் தசை பிடித்துக்கொள்ள, அவளுக்குப் பதிலாகக் களத்தடுப்புக்கு இறங்கினாள். இறங்கி, எறிந்தாள். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை முழுதாக ஆடவிடலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அதே வகை ஆளாக இருக்கவேண்டும், காப்பாளருக்குக் காப்பாளர். எனக்குப் பதில் அவள். அவள் எறிந்தாள். சீ, என்ன நினைப்பு இது, அறுபது மீற்றர் தூரத்திலிருந்து தலையைக் குறிவைத்து எறிய முடிந்தால் அவள் இங்கே ஏன் இருக்கிறாள். பந்து கல்லில் பட்டது. கல்லா? பச்சைத் துணி விரித்த மைதானத்தில் கல் எங்கிருந்து வந்தது? அவள் எறிந்தாள். இந்த நினைப்பு என்னுடையதா, அல்லது காதுக்கு மேலே தட்டிக்கொண்டிருக்கும் அந்த விருந்தாளியுடையதா? ஒரு கிழமையாக அவளும் நானும் ஒரே அறை. நான் அம்மாவுடன் போனில் கதைக்கும்போது அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். கதைத்து முடித்தால், "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பாள், நான், "நன்றாக இருக்கிறார்," என்று இத்தாலியனில் சொல்லுவேன். அவள் தன் அம்மாவுடன் சிங்களத்தில் கதைக்கும்போது நான் வெளியே போய்விடுவேன். ஏன் போனேன்? அது மரியாதையா, வேறு ஏதாவதா? கேட்டுக்கொண்டு இருந்தால் விளங்கிவிடும் என்ற பயமா?

விளங்கும். கொஞ்சம் விளங்கும். எங்கள் அணியில் பாதிப்பேரின் தாய்தகப்பன் இலங்கைக்காரர்கள், வென்னப்புவை, நீர்கொழும்புப் பக்கமிருந்து இத்தாலிக்கு வந்தவர்கள், தமிழ் நான் ஒருத்திதான், பலெர்மோக்காரி. மைதானத்துக்குள் எதிரணிக்கு விளங்கக்கூடாத எதையும் சிங்களத்தில்தான் கத்துவோம். கிட்டவா, தள்ளிப்போ, மெதுவான பந்து வருகிறது. நானும் கத்துவேன். முதல்முறை கத்தியபோது வாய்க்குள் ஏதோ வேறு ஆளின் பல் இருப்பது போல இருந்தது, பிறகு பழகிவிட்டது. காலையில் தேசியகீதம் பாடினோம். இத்தாலியின் கீதம், வேகமானது, கலியாண வீட்டில் பாண்ட் வாசிப்பது போல. நான் முழுவதும் பாடமாகப் பாடுவேன், நெஞ்சில் கை வைத்துப் பாடுவேன், பள்ளிக்கூடத்தில் படித்தது. பாடும்போது ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகம் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை, அப்பாவுக்கு அந்தக் கீதத்தில் ஒரு வரிகூடத் தெரியாது. அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, தொண்ணூற்றாறில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தவர். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்களாம். இலங்கை உலகக் கோப்பையை வென்ற அன்றைக்கு அப்பாதான் பெடலைச் சுற்றினவர். "நான் சுத்திறதை நிப்பாட்டினால் அவங்கள் தோத்துப்போவாங்கள் எண்ட மாதிரி இருந்தது பிள்ளை," என்று சொல்லுவார். "அப்ப நீங்கள் சந்தோசப்பட்டனீங்களோ அப்பா?" என்று கேட்டேன். "கை நொந்தது," என்றார். அவ்வளவுதான். நான் எத்தனை முறை கேட்டாலும் அவ்வளவுதான். நாங்கள் இன்றைக்கு வென்றால் உலகக் கோப்பையில் இலங்கையோடு ஒரே பிரிவில் வரக்கூடும். கிளிநொச்சியில் இருக்கிற மாமா போன கிழமை போனில், "அப்ப நாங்கள் ஆருக்குக் கை தட்டுறது மருமேள்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறேன். நெதர்லாந்தோடு விளையாடப்போகிறேன் என்றதற்கு அப்பா, "ஒல்லாந்தரோ? அவங்கள் யாழ்ப்பாணத்தில கட்டின கோட்டை இன்னும் நிக்குது, கவனமாய் விளையாடு," என்றார். அங்கே நடுவில் செம்மஞ்சள் சட்டைக்காரிகள் கூடிக் கூடிக் கதைக்கிறார்கள். நீலச் சட்டைக்காரிகள் இரண்டுபேர் துடுப்போடு நிற்கிறார்கள். நீலம் நாங்கள். இலங்கையும் நீலம். இந்தியாவும் நீலம். நான் என் சட்டையைப் பார்க்கிறேன். நீலம்தான்.

பந்துவீச வருகிறாள் அந்த உயரமானவள். வருகிறாள், வருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள், கால்கள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன. போன வருடம் அவளுடைய ஊரில் அவளிடம்தான் விலாவில் அடி வாங்கினேன். மூச்சு நின்றது. எழும்பி நின்றேன், எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த பந்துக்கு என் கால் என்னைக் கேட்காமல் ஒதுங்கிவிட்டது, விக்கெட் மூன்றும் திறந்த வீடு மாதிரி, பந்து உள்ளே போய்விட்டது. மார்ச்செல்லோ அந்த வீடியோவை நிறுத்தி, என் காலைச் சுட்டிக்காட்டி, "பார், பந்து வருவதற்கு முன்னமே போய்விட்டாய்," என்றார், கோபமில்லாமல், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வருடம், பலெர்மோவில் கடற்கரைப் பக்கத்துச் சீமெந்துத் தரையில், பந்து எறியும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று நின்று, காலை ஆணி அடித்தது போல வைத்துப் பழகினேன். அவளை எதிர்கொள்ளவேண்டிய இன்றைக்கு எனக்குத் தலை வலிக்கிறது. இன்றைக்கு எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. பயந்தாலும் வாய் காயும், தலையில் அடிபட்டாலும் வாய் காயும். பயந்தாலும் கை நடுங்கும், பயந்தாலும் வெளிச்சம் கண்ணைக் குத்தும், போன வருடம் குத்தியதே. இது அடியா, பயமா? அடியென்றால் சொல்லவேண்டும். பயமென்றால் சொல்லக்கூடாது. சொன்னபிறகு பயம்தான் என்று தெரிந்தால்? ஆயுள் முழுக்க அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன், பார், பந்து வருவதற்கு முன்னமே போய்விட்டாய். சொல்லாமல் போய் நின்று, இரண்டு பந்து வந்து, தவறான பந்தை நான் அடிக்க, சரியான பந்து தலையில் இன்னொருமுறை பட்டால்? போன மாதம் பியேரா எங்களை வரிசையாக இருத்திச் சொன்னார், முதல் அடியைவிட இரண்டாவது அடிதான் ஆளைக் கொல்லும் என்று. அப்போது நான் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டேன், வேறு ஆருக்கோ சொல்கிறார் என்று. ஒருவேளை இது எல்லாருக்கும் இறங்குவதற்கு முன் வருவதுதானோ? மற்றவர்களும் தங்கள் காலைப் பார்த்துத்தான் ஆடுவது நாங்கள் என்று கண்டுபிடிக்கிறார்களோ? கேட்கமுடியாது. யாரிடமும் கேட்கமுடியாது. நெத்மியிடம் கேட்கலாம். நெத்மியிடம்தான் கேட்கவே முடியாது.

சத்தம். எல்லாரும் எழும்புகிறார்கள். செம்மஞ்சள் சட்டைகள் ஒருத்தியின் மேல் ஒருத்தி விழுகிறார்கள். எங்கள் நீலம் ஒன்று தலையைக் குனிந்துகொண்டு கூடாரத்தை நோக்கி நடந்துவருகிறது. விழுந்துவிட்டது. அப்படியென்றால் நான். ஹெல்மெட்டைப் போடுகிறேன், உலகம் கம்பிகளுக்குப் பின்னால் போகிறது, துடுப்பை எடுக்கிறேன், மார்ச்செல்லோ என் முதுகில் தட்டி, "முதல் பந்துகளில் அவசரப்படாதே," என்கிறார், விளங்குகிறது, ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது, அதுவே பெரிய ஆறுதல், எனக்கு ஒன்றுமில்லை, பயம்தான், பயத்தோடு எல்லாரும் நடக்கிறார்கள். எல்லைக்கோட்டுக் கயிற்றுக்கு முன்னால் பியேரா நிற்கிறார். கையைக் குறுக்கே நீட்டுகிறார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், புதிய ஆள் இறங்கக் கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள். "ஒரே நிமிடம் நிரு. நாம் எந்த ஊரில் இருக்கிறோம்?" சொல்கிறேன். "யாரோடு ஆடுகிறோம்?" நெதர்லாந்து, என்கிறேன். "போன ஆட்டம் யாரோடு? வென்றோமா?" ஸ்கொட்லாந்தோடு, தோற்றோம், ஆனால் கிட்டப் போய்த் தோற்றோம், என்கிறேன். எல்லாம் சரி. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, அவ்வளவு சரியாகச் சொல்கிறேன். பியேரா சிரிக்கவில்லை. அவருடைய முகத்தில் ஏதோ நடக்கிறது. மார்ச்செல்லோவைப் பார்க்கிறார். மார்ச்செல்லோ என்னைப் பார்க்கிறார். "நிரு, மறுபடி சொல்லு. போன ஆட்டம் யாரோடு?" எத்தனை தரம் சொல்வது, நேரம் போகிறது, ஸ்கொட்லாந்தோடு, தோற்றோம் என்று சொன்னேனே, விடுங்கள் நான் போகவேண்டும். ஒருவரும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து நெத்மி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வருகிறாள். "டாக்டர்," என்கிறாள், "அவள் தமிழில் பேசுகிறாள்."

பொய். நான் இத்தாலியனில்தான் பேசுகிறேன். இவர்களோடு நான் வேறு எந்த மொழியில் பேசுவேன்? பொய் சொல்கிறாள், என் இடத்துக்காக, குடைக்குக் கீழே இருக்கும் தன் அம்மாவுக்காக, பந்தை எறிந்தாள், இப்போது இதையும் எறிகிறாள். இதை நான் நினைக்கவில்லை, உரத்துச் சொல்கிறேன். "பொய் சொல்லுறாள், டாக்டர், நம்பாதேங்கோ, என்ர இடத்துக்காகப் பொய் சொல்லுறாள்!" ஒருவரும் நெத்மியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு பழியைச் சொன்னால் யாராவது திரும்பவேண்டுமே, யாராவது, "என்ன பேச்சு இது நிரு," என்று அதட்டவேண்டுமே. எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். கடல் அலையைப் பார்ப்பது போல. அப்போதுதான் என் சத்தம் என் காதுக்கு வந்து சேர்கிறது. அது அம்மாவோடு கதைக்கிற சத்தம். ஒரு சொல், ஒரே ஒரு சொல் இத்தாலியனில் சொல்லிக் காட்டுகிறேன், பந்து என்பதற்கு என்ன, சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நான் அந்தச் சொல்லில் வளர்ந்தவள். வாயைத் திறக்கிறேன். "பந்து," என்கிறது வாய். மறுபடி திறக்கிறேன். "பந்து." அவர்கள் சொல்வதெல்லாம் விளங்குகிறது, கதவு உள்ளே வருகிறவர்களுக்குத் திறக்கிறது, வெளியே போகிறவர்களுக்குத்தான் திறக்கவில்லை. இது பயமில்லை. பயம் என் காலை எடுத்தது, மொழியை எடுத்ததில்லை. அந்த நேரத்திலும், வெட்கமாக இருக்கிறது, முதலில் வந்தது ஆறுதல்தான், பயமில்லை, அடிதான், அடிதான். அதற்குப் பிறகுதான் கயிற்றடியிலேயே உட்காருகிறேன். அணித் தலைவி துடுப்பை எடுத்துக்கொண்டு எனக்குப் பதிலாக மைதானத்துக்குள் ஓடுகிறாள். மார்ச்செல்லோ ஆட்ட நடுவரிடம் அனுமதி கேட்க ஓடுகிறார். நெத்மி எனக்கு முன்னால் முழந்தாளிட்டு என் ஹெல்மெட்டின் பட்டியை அவிழ்க்கிறாள். நான் சொன்னது அவளுக்கு விளங்கியிருக்குமோ? தமிழ் தெரியாது. ஆனால் ஒரு கிழமை ஒரே அறை.

அம்புலன்ஸ். கூரையில் ஒரு சின்ன விசிறி. ஆஸ்பத்திரியில் குளிர்ச்சியான மேசை, தலையைச் சுற்றி இரையும் வளையம், அசையாதே என்று ஸ்பானிய மொழியில் ஒரு குரல், ஸ்பானியமே இவ்வளவு விளங்கும்போது இத்தாலியன் எங்கே போய் ஒளிந்தது? பியேரா கூடவே இருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளே இரத்தம் கசியவில்லை, எலும்பு உடையவில்லை, பேச்சு திரும்பும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பயப்படாதே," என்கிறார். வீட்டுக்குச் சொல்லவா என்று போனைக் காட்டிக் கேட்கிறார், நான் தலையை அசைத்து வேண்டாம் என்கிறேன். அம்மா தன் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் சமையலில் இருப்பா. அந்நியர் ஒருவர் போனில், தனக்குப் பாதிதான் விளங்கும் மொழியில், உங்கள் மகள், தலை, ஆஸ்பத்திரி என்றால், அம்மா மிச்சப் பாதியைத் தானே கட்டிக்கொள்ளுவா. ஆட்டம்? ஆட்டம் என்ன ஆனது? பியேராவிடம் கேட்கிறேன், அவருக்கு விளங்கவில்லை, துடுப்பு வீசுவது போலக் கையை வீசிக் காட்டுகிறேன், அவர், "இப்போது அதைப் பற்றி யோசிக்காதே," என்கிறார். எப்படி யோசிக்காமல் இருப்பது? வென்றால் நான் இல்லாமல் வென்றோம். தோற்றால் நான் இல்லாததால் தோற்றோம். எது வேண்டும் எனக்கு? நெத்மி நன்றாக ஆடவேண்டும் என்று நினைக்கிறேன். நினைத்து முடிப்பதற்குள், மிக நன்றாக ஆடிவிடக்கூடாது என்று இன்னொன்று வருகிறது. அதைத் துரத்துகிறேன், போகிறது, வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் காய்ந்த மலை. அதன்மேல் வெயில் இறங்குகிறது. மறுபடி மஞ்சளாகிவிட்டது. கண்ணை முழுதாகத் திறக்கமுடிகிறது.

நெத்மி வருகிறாள். சட்டை மாற்றவில்லை, முழங்காலில் புல்லின் பச்சை, கன்னத்தில் ஹெல்மெட் பட்டி அழுத்திய கோடு. கதவடியில் நிற்கிறாள், உள்ளே வரலாமா என்று தெரியாதது போல. நான் கட்டிலில் கொஞ்சம் தள்ளி இடம் விடுகிறேன். வந்து இருக்கிறாள். அவள் சொல்லத் தேவையில்லை, அந்தத் தோள் இருக்கிற விதத்திலேயே தெரிகிறது. "தோற்றுவிட்டோம் நிரு," என்கிறாள். "கடைசி ஓவரில். அந்த உயரமானவள் போட்ட பந்தைத் தூக்கி அடித்தேன், போய்விட்டது என்றுதான் நினைத்தேன், கோட்டுக்கு ஓரடி முன்னால் பிடித்துவிட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொன்று அடித்தேன். போதவில்லை." நான் அவளுடைய கையைப் பிடிக்கிறேன். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, சொல்ல இருப்பதெல்லாம் அவளுக்கு விளங்காத மொழியில் இருக்கிறது. "நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை," என்கிறாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்கே கயிற்றடியில். ஆனால் என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது." நான் பிடித்த கையை விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. அப்போது மேசையில் என் போன் அதிர்கிறது. அம்மா.

"பிள்ளை! நான் பாத்தனான், எல்லாம் பாத்தனான்!" அம்மாவின் குரல், அழுது முடித்த குரல். "சிஞ்ஞோராவின்ரை மகள் தன்ர போனில போட்டுத் தந்தவ. நான் சமைக்கிறதை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனான். என்ன மாதிரி அடிச்சாய் நீ! எனக்கு விளையாட்டு விளங்காது, ஆனால் அவையள் எல்லாரும் கத்தக் கத்த நீ நிமிந்து நிண்டனியே, அது விளங்கினது. கடைசியில நீ அப்பிடியே நிலத்தில இருந்து அழேக்கை, நானும் இஞ்சை குசினிக்குள்ள இருந்து அழுதனான். சிஞ்ஞோரா பயந்து தண்ணி கொண்டந்து தந்தவ. ஏனடி பேசாமல் இருக்கிறாய்? தோத்தால் என்ன, விடு." ஓம் அம்மா என்று சொல்லிவிடலாம். சொன்னால் முடிந்துவிடும், அந்த நாற்பத்தொன்றும், நிமிர்ந்து நின்றதும், பலெர்மோவில் ஒரு குசினிக்குள் எப்போதைக்கும் என்னுடையதாக இருக்கும். "அம்மா," என்கிறேன், "அது நானில்லை." "என்ன?" "அது நெத்மி. என்னோட அறையில இருக்கிறவள். ஹெல்மெட்டுக்குள்ள முகம் தெரியாதுதானே. எனக்குத் தலையில பந்து பட்டிட்டுது, நான் ஆஸ்பத்திரியில நிக்கிறன். பயப்பிடாதேங்கோ, ஸ்கான் எடுத்தவை, ஒண்டுமில்லையாம்." "ஐயோ! சத்தியமா ஒண்டுமில்லையோ?" "சத்தியமா. உங்களோட கதைக்கிறன்தானே." ஏதோ பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம். பிறகு அம்மா, என்னிடமா தன்னிடமா என்று தெரியாத குரலில், "அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்கடி அழுதனான்?" என்கிறா.

நெத்மி தன் பெயரைக் கேட்டுவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். "உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்கிறாள். நான் வாயைத் திறக்கிறேன். வழக்கம்போலத் தமிழ்தான் வரும் என்று நினைக்கிறேன், பரவாயில்லை, அவள் எப்படியாவது விளங்கிக்கொள்ளட்டும். "பெர் தே," என்கிறேன். எனக்கே தூக்கிவாரிப்போடுகிறது. இத்தாலியன். உனக்காக. மெல்ல, உடைந்த படியில் கால் வைப்பது போல, அடுத்த சொல்லைத் தேடி எடுத்து வைக்கிறேன்: உனக்காக அழுதாராம்.